ஆணி வரைக்கும் அசல், குண்டு மட்டும் பகிடி

பெரிய றிமோட் விமானம் செய்து பறக்கவிடும் ஒருவரிடம் போய் "வடிவான விளையாட்டுச் சாமான்" என்று சொல்லிப் பாருங்கள். மனிசன் அதுக்குப் பிறகு உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார். அந்தக் கோபம் நியாயமானதுதான். மூன்று வருடம், நாலு வருடம் கராஜுக்குள் இருந்து, ஒவ்வொரு விலாச் சட்டத்தையும் கையால் வெட்டி ஒட்டிச் செய்த ஒன்றை, கடையில் வாங்கிய பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் பேசினால் யாருக்கும் வலிக்கும். அதே மனிசரிடம், "நீங்கள் செய்திருக்கிற இந்த ஸ்டூக்கா எந்த ஊரில் குண்டு போட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். இப்போது வேறொரு பதில் வரும். "இது வெறும் விளையாட்டு. இதுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதீங்கோ."

விளையாட்டு என்றால் கோபம், வரலாறு என்றால் விளையாட்டு. இரண்டு பதிலும் ஒரே வாயில் இருக்க ஏலாது. என்னுடைய வழக்கு அவ்வளவுதான்.

இது முக்கியமாக பிரிட்டன், அமெரிக்கா, ஜேர்மனி போன்ற நாடுகளின் பொழுதுபோக்கு. எங்களிடம் அதற்குக் காசும் இல்லை, திடலும் இல்லை. பிறகு ஏன் நீ கிடந்து கத்துகிறாய் என்று கேட்பீர்கள். ஏனென்றால் அந்த வீடியோக்களை நாங்களும் பார்க்கிறோம், பார்த்துக் கைதட்டுகிறோம். இரட்டைச் சிறகுப் போர் விமானம் ஒன்று தாழப் பறந்து புல்வெளியில் குண்டு போடுகிறது, கீழே ஒழுங்குபண்ணி வைத்திருந்த வெடி வெடித்துப் புகை எழும்புகிறது, எங்கட பெடியள் "மாஸ்" என்கிறாங்கள். உலகத்தில் வேறு யாருக்கு இது மாஸாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. எங்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

முதலில் அந்தக் கைவேலைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அது உண்மையிலேயே பெரிய வேலை. அமெரிக்காவில் இந்தப் பெரிய மொடல்களுக்கென்றே இருக்கும் சங்கம் ஒன்றின் கணக்கில், ஒற்றைச் சிறகு விமானம் என்றால் சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை குறைந்தது 80 அங்குலம், இரட்டைச் சிறகு என்றால் 60 அங்குலம், அல்லது அசல் விமானத்தின் கால் பங்கு அளவு. இது வெறும் தொடக்கம். அங்கே 55 இறாத்தலுக்கு மேல் போனால் தனிப் பரிசோதனையும் அனுமதியும் வேண்டும், அந்த அனுமதியோடு 125 இறாத்தல் வரை போகலாம். ஒரு வளர்ந்த மனிதரின் எடை. அது தலைக்கு மேலால் பறக்கிறது, அதை ஆட்டுவிக்கிறவர் நிலத்தில் நிற்கிறார்.

ஏன் பெரிசாகச் செய்கிறார்கள்? பெருமைக்கு மட்டுமில்லை. சின்ன மொடல் காற்றில் நுளம்பு மாதிரித் துடிக்கும். சின்னக் காற்றடித்தாலே உதறும், திரும்பும்போது வெட்டித் திரும்பும், பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும். பெரியது அப்படியில்லை. நீள அகலம் இரண்டு மடங்கானால் சிறகின் பரப்பு நாலு மடங்காகிறது, எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. அந்த எடையும் அளவும் சேர்ந்து ஒரு நிதானத்தைக் கொடுக்கின்றன. திரும்பும்போது சாய்ந்து, தாமதித்து, அசல் விமானம் போலவே திரும்பும். இறங்கும்போது சில்லு நிலத்தைத் தொட்டு ஒருக்கால் பாரம் அமர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எஞ்சின்கள் பலதும் மரம் அரியும் மெசின், புல்லு வெட்டும் மெசின் ஆகியவற்றின் வழிவந்த பெற்றோல் எஞ்சின்கள். ஜெற் என்றால் உண்மையான சின்ன டர்பைன், ஒன்றின் விலையே 2000 டொலருக்கு மேல் போகும். பல்சா மரம், மெல்லிய ப்ளைவுட், கண்ணாடி இழைத் துணி, ஒவ்வொரு அசையும் பகுதிக்கும் ஒரு சேர்வோ மோட்டர், ஒன்று செத்தால் மற்றது தாங்கட்டும் என்று இரண்டு பற்றறி. எட்டு டர்பைன் பூட்டிய பி-52 மொடல் ஒன்று திரும்பும்போது சரிந்து விழுந்து நெருப்பாகும் வீடியோவை உங்களில் கனபேர் பார்த்திருப்பீர்கள். வருடக்கணக்கான வேலை, ஒரு சில விநாடியில் புகை. எனக்கே நெஞ்சு பிசைந்தது.

ஆக, இவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. அதனால்தான் இவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அசலைப் போலவே செய்யும் மொடல்களுக்கு உலகப் போட்டி இருக்கிறது. வான்விளையாட்டுகளின் சர்வதேசச் சம்மேளனம் நடத்தும் அந்தப் பிரிவுக்கு எஃப் 4 சி என்று பெயர். பறக்கவிட்டால் மட்டும் போதாது, முதலில் மொடலை மேசையில் வைத்துப் பரீட்சிப்பார்கள். போட்டியாளர் ஒரு ஆவணக் கோப்பைக் கொடுக்க வேண்டும். அசல் விமானத்தின் படங்கள், வரைபடங்கள், நிறத்துக்கான ஆதாரம், எந்தப் படைப்பிரிவு, எந்த இலக்கம், எல்லாம் அதற்குள் இருக்கும். நடுவர்கள் கோப்பையும் மொடலையும் மாறி மாறிப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். வெளிறிய பச்சை சரியான வெளிறலா? தகட்டை இணைக்கும் ஆணிகள் சரியான வரிசையில் இருக்கின்றனவா? எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் வழிந்த கறை இருக்கிறதா?

இதில் ஒரு சின்ன விசயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நல்ல மொடல்காரர்கள் சிறகில் உள்ள இயந்திரத் துப்பாக்கியின் வாய்க்குப் பின்னால் ஒரு கறுப்புக் கறை பூசுவார்கள். மெல்லிய தூரிகையால், பின்னோக்கி மங்கிப் போகிற மாதிரி. துப்பாக்கி சுட்டால் வரும் புகைக்கறை அது. அந்தக் கறைக்கும் நடுவரின் கண்ணில் மதிப்பு இருக்கிறது.

கறை இருக்கிறது என்றால் அந்தத் துப்பாக்கி சுட்டிருக்கிறது. சுட்டிருக்கிறது என்றால் யாரையோ சுட்டிருக்கிறது. கறையை இவ்வளவு கவனமாகப் பூசுகிற ஒருவருக்கு, "யாரை?" என்ற கேள்வி மட்டும் எப்படி அரசியலாகிப் போகிறது? கறை வரலாறு, சூடு பட்டவர் அரசியல். நல்ல கதை.

ஸ்டூக்காவையே எடுப்போம். யுங்கர்ஸ் 87. வளைந்த சிறகு, விலத்தி நிற்கும் சில்லுக் கால்கள், பார்த்தவுடன் அடையாளம் தெரியும் உருவம். மொடல்காரர்களுக்கு அதில் தனிப் பிரியம். அசல் விமானத்தின் கால்களில் காற்றுக்குச் சுழலும் சின்ன விசிறி ஒன்றைப் பூட்டினார்கள். செங்குத்தாகப் பாயும்போது அது ஊளையிடும். அதற்கு எரிக்கோ எக்காளம் என்று பெயர். குண்டு விழுவதற்கு அந்தச் சத்தம் தேவையே இல்லை. கீழே இருக்கிறவன் நடுங்க வேண்டும், அதற்காக மட்டுமே செய்த பொருள். இன்றைக்குப் பெரிய ஸ்டூக்கா மொடல் செய்கிறவர்கள் சிலர் அந்தச் சைரனையும் மினக்கெட்டுச் செய்து பூட்டுகிறார்கள். மொடல் பாய்கிறது, சைரன் ஊளையிடுகிறது, பார்க்க வந்த குடும்பங்கள் ஐஸ்கிறீமோடு நின்று கைதட்டுகின்றன.

1938 மே மாதம் ஸ்பெயினில் காஸ்டெல்லோன் மாகாணத்தின் நாலு சின்னக் கிராமங்களில் ஸ்டூக்காக்கள் குண்டு போட்டன. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு உதவ ஹிட்லர் அனுப்பிய விமானப்படையின் வேலை அது. பெரிய குண்டை இந்த விமானம் எவ்வளவு துல்லியமாகப் போடும் என்று பரீட்சித்துப் பார்த்து, இடிந்த வீடுகளைப் படம் பிடித்து வைத்தார்கள். அந்தப் படங்கள் ஜேர்மன் ஆவணக் காப்பகத்தில் கிடந்து பிறகு வெளியே வந்தன. அடுத்த வருடம் செப்டெம்பர் முதலாம் திகதி அதிகாலை போலந்தின் வியெலுன் நகரத்தின் மேல் அதே வகை விமானங்கள். இதெல்லாம் இரகசியமில்லை. மொடல் செய்கிறவர் நிறத்தைத் தேடிப் புரட்டுகிற அதே புத்தகங்களுக்குப் பக்கத்து இறாக்கையில் இருக்கிற செய்தி.

ஜேர்மனியில் நாசிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதனால் அங்கே வாற்சிறகில் சுவஸ்திகா இல்லாமல், அல்லது அரைகுறையாக மாற்றி ஒட்டிப் பறக்கவிடுவார்கள். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சின்னத்தை மறைத்துவிட்டுச் சைரனை ஊதவிடுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. வியெலுனில் மக்கள் செத்தது ஸ்டிக்கர் விழுந்து இல்லை.

இதற்கு வழமையாக வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். ஒன்று, நாங்கள் வடிவமைப்பை ரசிக்கிறோம், கொலையை இல்லை. சரி, ரசியுங்கள். ஆனால் வடிவமைப்பை மட்டும் ரசிக்கிறவருக்குப் படைப்பிரிவின் இலக்கம் எதற்கு? கறை எதற்கு? தரையில் வெடி எதற்கு? இன்னொன்று, நாங்கள் அந்தக் காலத்து வீரர்களை நினைவுகூருகிறோம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. லண்டனில் குண்டுக்குக் கீழே இருந்த சனத்துக்கு ஸ்பிட்ஃபயர் என்றால் காப்பாற்ற வந்த விமானம். அந்த ஊரில் ஒரு கிழவர் ஸ்பிட்ஃபயர் மொடலைப் பறக்கவிட்டுக் கண் கலங்கினால் எனக்கு அவரோடு சண்டையில்லை. ஆனால் அதே திடலில் அடுத்ததாக லங்காஸ்டர் எழும்புகிறது. 1943 இல் ஹம்பேர்க், 1945 இல் டிரெஸ்டன். அதற்கும் அதே கைதட்டல், அதே கண் கலங்கல். நினைவுகூருகிறவர் எப்போதும் விமானத்துக்குள் இருக்கிறார், கீழே ஒருபோதும் இல்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுகிற விசயம் இருக்கிறது. றிமோட் விமானம் ஓட்டப் பழகுகிறவருக்கு முதலில் வரும் கஷ்டம் என்ன தெரியுமா? விமானம் உங்களை விட்டுத் தூரப் போகும்போது வலம் வலம்தான், இடம் இடம்தான். அது திரும்பி உங்களை நோக்கி வரும்போது எல்லாம் மாறிவிடும். நீங்கள் வலப்பக்கம் கொடுத்தால் உங்கள் கண்ணுக்கு இடப்பக்கம் போகும். புதியவர்கள் கனபேர் விமானத்தை உடைப்பது இந்த இடத்தில்தான். அதற்குச் சொல்லிக் கொடுக்கும் உபாயம், மனதால் ஓட்டியின் இருக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள் என்பது. உன் கால் நிலத்தில் நிற்பதை மற, மேலே இருந்து பார். பழகப் பழக அது தானாக வரும்.

நிலத்தில் நின்று, கழுத்தை வளைத்து, கையால் வெயிலை மறைத்து, மேலே வருகிற போர் விமானத்தைப் பார்க்கிற ஒரு மனிதர். அந்த நிற்கிற நிலை யாருடையது? குண்டு விழப்போகிறவனுடையது. உடம்பு முழுக்க அவனுடைய இடத்தில் இருக்கிறது. மனம் மட்டும் கஷ்டப்பட்டுப் பயிற்சி எடுத்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் பாதி இதுதான்.

எங்கள் ஆட்களுக்கு அந்தப் பயிற்சி யாரும் கொடுக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது எதிர்ப்பக்கப் பயிற்சி. எங்கள் அம்மாக்களின் தலைமுறைக்கு எந்த விமானத்தையும் ஏறிட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை, காதே போதும். பொம்மர், ஹெலி, சகடை, புக்காரா, சுப்பர்சொனிக், கிபிர் என்று சத்தத்தை வைத்தே பேர் சொல்வார்கள். எதற்குப் பங்கருக்குள் ஓட வேண்டும், எதற்குக் குப்புறப் படுத்தால் போதும், எது குண்டைப் போட்ட பிறகுதான் சத்தமே கேட்கும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்காத பாடம். 1995 ஜூலை 9, நவாலி தேவாலயம். அதே வருடம் செப்டெம்பர் 22, நாகர்கோவில் பள்ளிக்கூடம். 2006 ஓகஸ்ட் 14, வள்ளிபுனம் செஞ்சோலை. இந்தத் திகதிகளை எழுதி அழவைக்க நான் வரவில்லை. இவை ஒரு மொடலின் ஆவணக் கோப்புக்குள் போக வேண்டிய தகவல்கள், இலக்கத்தையும் நிறத்தையும் போல. அவ்வளவுதான் சொல்கிறேன்.

வன்னியில் இன்னொரு பேரும் இருந்தது. வண்டு. ஆளில்லா வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பேர். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. "ங்ங்" என்று ஒரு சீரான இரைச்சல் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றிப் போனால் பின்னால் கிபிர் வரலாம், ஷெல் வரலாம், வராமலும் விடலாம். சமைக்கிற நேரமும் அந்தச் சத்தம், நித்திரை கொள்கிற நேரமும் அந்தச் சத்தம். பெற்றோல் எஞ்சின் பூட்டிய பெரிய மொடல் ஒன்று தூரத்தில் வட்டமடிக்கிற வீடியோவை எங்கள் வீட்டில் சத்தத்தோடு போட்டபோது, அடுப்படியில் இருந்து அம்மா கேட்டா, "என்னடா அது, வண்டு மாதிரி?"

மாதிரி இல்லை, இரண்டும் ஒரே குடும்பம். "இது வெறும் பொழுதுபோக்கு" என்கிறவர்கள் கேட்க வேண்டிய கதை இது.

1969 இல் இஸ்ரேல் இராணுவப் புலனாய்வில் இருந்த ஷப்தாய் பிரில் என்ற அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. சுயஸ் கால்வாய்க்கு அந்தப் பக்கம் எகிப்தியப் படை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும், விமானம் அனுப்பினால் சுட்டு விழுத்துகிறார்கள். அமெரிக்காவில் கடையில் விற்கும் றிமோட் விமானத்தில் கமராவைப் பூட்டி அனுப்பினால் என்ன? மூன்று மொடல் விமானங்களை வாங்கினார்கள், கமரா பூட்டினார்கள், கால்வாய்க்கு மேலால் பறக்கவிட்டுப் பதுங்குகுழிகளைப் படம் எடுத்து வந்தார்கள். அந்தத் திட்டம் பிறகு கிடப்பில் போடப்பட்டது உண்மை. ஆனால் 1973 போருக்குப் பிறகு அதே யோசனை தொழிற்சாலைக்குள் போய், ஸ்கவுட், சேர்ச்சர் என்று விமானங்களாக வெளியே வந்தது. இஸ்ரேலிய ஆளில்லா விமானங்கள்தான் பிறகு எங்கள் வானத்தில் வண்டாகச் சுற்றின. அமெரிக்கப் பொடியன் ஒருவனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கக்கூடிய சாமானுக்கும் வன்னிக்கும் இடையில் இருந்த தூரம் முப்பது வருடமும் சொச்சமும்.

இன்னும் பின்னால் போகலாம். றெஜினால்ட் டெனி என்று ஒரு ஹொலிவூட் நடிகர் இருந்தார். பிறப்பு இங்கிலாந்து, முதலாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர். மொடல் விமானப் பைத்தியம் பிடித்து 1930களில் ஹொலிவூட்டிலேயே மொடல் கடை திறந்தார். பொழுதுபோக்கு கம்பனியானது, கம்பனி அமெரிக்கப் படைக்கு றேடியோவில் இயங்கும் இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்தது. விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழக. இரண்டாம் உலகப் போர் முடியும்போது ஏறக்குறைய 15,000 செய்து முடித்திருந்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் பெண் ஒருவரைப் படைப் புகைப்படக்காரர் ஒருவர் படம் எடுக்கப் போய்த்தான் உலகத்துக்கு மர்லின் மன்றோ கிடைத்தார். (இந்தத் துணுக்கை மட்டும் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.) இன்றைக்கும் கதை முடியவில்லை. உக்ரைனில் விழுத்தப்பட்ட ரஷ்ய ஓர்லான்-10 வேவு விமானங்களைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்தது சைட்டோ என்ற ஜப்பானிய எஞ்சின். மொடல் விமானத்துக்கென்று செய்து விற்கிற எஞ்சின்.

எஞ்சின் செய்தவர் குற்றவாளி என்றோ, மொடல் செய்கிறவர் எல்லாரும் கொலைகாரர் என்றோ நான் சொல்லவில்லை. பட்டறையும் போரும் பிறந்ததிலிருந்தே ஒன்றிடம் ஒன்று சாமான் கடன் வாங்கி வந்திருக்கின்றன. அந்த உறவைத் தெரிந்துகொண்டு, பிறகு "அரசியலை இழுக்காதே" என்று சொல்ல வெட்கமாக இருக்க வேண்டும்.

அரசாங்கம் இதையெல்லாம் தடை செய்ய வேண்டுமா? கூடவே கூடாது. எங்கள் நாட்டு அரசாங்கத்துக்குத் தடை என்றால் சீனி மாதிரி. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோன் பறப்பை ஒரேயடியாக நிறுத்தினார்கள். கலியாண வீட்டில் படம் எடுத்துப் பிழைத்தவன் பாடுதான் பெரும்பாடு. தடை வருகிற நாட்டில் முதலில் யாருடைய கையில் இருக்கிற சாமான் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று வடக்குக் கிழக்கில் இருக்கிற எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் கேட்பது தடை இல்லை, மொடல்காரரின் சொந்த நேர்மை. அவர் ஏற்கெனவே பெருமைப்படுகிற அதே நேர்மையை இன்னும் ஒரு பக்கம் நீட்டச் சொல்கிறேன்.

வேறு மாதிரிப் பறக்கவே வழியில்லை என்றும் இல்லை. 2003 ஓகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர் செய்த ஒரு மொடல், கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் எழும்பி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அயர்லாந்தில் இறங்கியது. பல்சா மரமும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும். எரிபொருளோடு சேர்த்து 5 கிலோ. 3000 கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஏறக்குறைய 39 மணித்தியாலம். ஹில்லுக்கு அப்போது 77 வயது, கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் சரியாகக் கேளாது. கையால் தடவித் தடவி விமானம் கட்டிய மனிசன். அந்த விமானம் எந்தப் போர் விமானத்தின் பிரதியும் இல்லை, பறப்பதற்கென்றே வரைந்த ஒன்று. இந்தப் பொழுதுபோக்கின் உச்சம் எது என்று கேட்டால் நான் சைரனைக் காட்ட மாட்டேன், இதைக் காட்டுவேன். பெரிய கிளைடர்கள் இருக்கின்றன, எஞ்சினே இல்லாமல் மணிக்கணக்காக வெப்பக் காற்றில் ஏறி நிற்கும். வயலுக்கு மருந்தடிக்கும் விமானங்கள் இருக்கின்றன, தபால் விமானங்கள் இருக்கின்றன. பைப்பர் கப் என்ற அப்பாவி மஞ்சள் விமானம் இருக்கிறது. அதையும் விட மாட்டாங்கள், இராணுவப் பச்சை அடித்து, நோர்மண்டித் தரையிறக்கத்தின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டுத்தான் கனபேர் பறக்கவிடுவார்கள்.

1987 ஜூன் 4 ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கு மேல் வந்த இந்திய அன்ரனோவ்-32 விமானங்கள் குண்டுக்குப் பதிலாக உணவுப் பொதி போட்டன. அதற்குப் பின்னால் இருந்த அரசியல் வேறு, அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆனால் மேலிருந்து அரிசி விழுகிற ஒரு மொடலை எந்தத் திடலிலும் நான் பார்த்ததில்லை. வெடிக்காத ஒன்றுக்குக் கைதட்டல் கிடைக்காதுபோல.

இனி எங்கட பக்கம். வெள்ளைக்காரக் கிழவர்களைப் பேசிவிட்டு நாங்கள் நழுவ ஏலாது.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டி. மூங்கில், நைலோன் கயிறு, தாள். இதை மட்டும் வைத்துக்கொண்டு எங்கட பெடியள் கட்டி ஏற்றுகிற சாமானை அந்த எஃப் 4 சி நடுவர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. எஞ்சினும் இல்லை, சேர்வோவும் இல்லை, முச்சை கட்டுகிற கை ஒன்றுதான். முச்சை ஒரு விரற்கடை பிழைத்தால் எல்லாம் நிலத்தில். 2021 இல் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஒன்று கயிற்றைப் பிடித்திருந்த பெடியனையே மேலே தூக்கிக்கொண்டு போன வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அவ்வளவு பெரிய வேலை. அந்தக் கைகளும் வருடா வருடம் எதையெல்லாம் கட்டுகின்றன? கப்பல், பறவை, கூடவே ஹெலியும் போர் விமானமும். இந்த மண்ணுக்கு மேல், இந்தக் கடற்கரையில், பார்க்க வந்த சனத்தில் பாதிப்பேர் ஒரு காலத்தில் அதே உருவத்துக்குப் பயந்து ஓடியவர்கள். பட்டத்தில் விண் கட்டிக் கூவ விடுகிற அழகு எங்களிடம் இருக்கும்போது, சுப்பர்சொனிக்கின் மூக்கை எதற்காகப் பிரதி பண்ண வேண்டும்? பயத்தைப் பட்டமாக்கிக் கயிற்றில் கட்டி வைப்பதும் ஒரு வெற்றிதானே என்று ஒரு நண்பன் சொன்னான். அழகான விளக்கம். ஆனால் கட்டுகிறவர்கள் அப்படி யோசித்துத்தான் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போர் விமானம் கண்ணுக்கு வடிவு, கட்டுகிறோம், அவ்வளவுதான். ஸ்டூக்காக்காரரும் இதைத்தான் சொல்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. ஸ்லின்-143 என்ற செக் நாட்டு விமானம் ஓட்டப் பழகுவதற்கும் ஊர் சுற்றுவதற்கும் செய்தது. அதில் குண்டு பூட்டி 2007 மார்ச்சில் கட்டுநாயக்காவுக்கு அனுப்பிய இயக்கத்தின் கதையை எங்களில் சிலர் இன்றைக்கும் பொம்மை விமானத்தைக் கொஞ்சுகிற குரலில் சொல்வார்கள். 2009 பெப்ரவரியில் அதே வகை விமானம் ஒன்று கொழும்பில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் விழுந்தது. அங்கேயும் கீழே ஆட்கள் இருந்தார்கள். மேலே பறப்பது எங்கட ஆள் என்றவுடன் நாங்களும் ஓட்டியின் இருக்கைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறோம். பயிற்சி கூடத் தேவைப்படவில்லை.

என் கோரிக்கை சின்னது. கிபிரின் நீளம் 15.65 மீற்றர். கால் பங்கு அளவில் செய்தால் நாலு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய வரும். நல்ல மொடல்காரர் ஓட்டியின் இருக்கையில் அதே அளவில் ஒரு பொம்மை வைப்பார். தலைக்கவசம், முகமூடி, சிலர் சேர்வோ பூட்டித் தலையைக் கூடத் திருப்பவைப்பார்கள். அதே கால் பங்கு அளவில் ஐந்து அடி உயரமான பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று 15 அங்குலம். செய்வதற்கு ஓட்டியின் பொம்மையை விடச் சுலபம், தலைக்கவசம் தேவையில்லை. யாராவது என்றைக்காவது அந்த விமானத்தைச் செய்தால், ஆவணக் கோப்பில் நிறத்துக்கான ஆதாரத்தோடு அது குண்டு போட்ட இடங்களின் பட்டியலையும் வைக்கட்டும். மொடலை மேசையில் வைக்கும்போது பக்கத்தில் அந்த 15 அங்குலப் பிள்ளையையும் நிற்பாட்டட்டும். அளவு சரியா, வெள்ளைச் சட்டையின் நிறம் சரியா என்று நடுவர்கள் குனிந்து பார்க்கட்டும், புள்ளி போடட்டும். அதற்குப் பிறகும் அவருக்கு அதை எழுப்பித் தரையில் வெடி வைக்க மனம் வந்தால் வைக்கட்டும், நான் மறிக்க மாட்டேன்.